நிலாவாரை

நிலாவாரை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த, இடுப்பளவுக்கு வளரும் மஞ்சள் பூச் செடி. இதன் இலையும் காயும் உலகெங்கும் பேதி மருந்தாகப் பயன்படுகின்றன. சித்த மருத்துவத்தில் நிலவாகை என்றும், ஏற்றுமதி வணிகத்தில் சென்னா என்றும் பெயர். தூத்துக்குடி மாவட்டத்தில் சில ஊர்களில் இதை அவுரி என்கிறார்கள். நீலச் சாயம் தரும் அவுரி வேறு செடி. ஆவாரை இதற்கு நெருங்கிய உறவு என்றாலும், ஆவாரம்பூக் குடிநீர் குடித்துப் பழகியவர் அந்தப் பழக்கத்தில் இதைக் குடிக்கலாகாது.

வகைப்பாடு

லின்னேயஸ் 1753இல் இச்செடிக்குக் காசியா சென்னா எனப் பெயரிட்டார். 1768இல் மில்லர் சென்னா அலெக்சாண்ட்ரினா என்று குறித்தார். அரேபியாவில் விளைந்த குறுகிய இலைச் செடியை 1790இல் வால் என்பவர் காசியா அங்குஸ்டிஃபோலியா எனத் தனி இனமாகப் பிரித்தார். இதையொட்டிச் சந்தையில் இரண்டு சரக்குகள் நிலைத்தன. சூடானில் விளைந்து எகிப்து வழியே போனது அலெக்சாந்திரியா சென்னா. தென்தமிழ்நாட்டில் விளைந்தது திருநெல்வேலி சென்னா. இன்றைய தாவரவியலில் இரண்டும் ஒரே இனம். பெயர் சென்னா அலெக்சாண்ட்ரினா.

வரலாறு

இம்மருந்தை மருத்துவ நூல்களில் நிலைநிறுத்தியவர்கள் இடைக்கால அரபு மருத்துவர்கள். அவர்கள் வழியாகவே அது ஐரோப்பாவுக்குப் போயிற்று. அரேபியாவிலிருந்து வந்த விதை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருநெல்வேலிச் சீமையில் பயிராயிற்று. இதில் பாளையங்கோட்டையைச் சேர்ந்த ஹியூஸ் என்பவரின் முயற்சி முதன்மையானது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலேறிய இலை லண்டன் சந்தையில் நற்பெயர் பெற்றது. அலெக்சாந்திரியாச் சரக்கில் அந்நிய இலை கலந்திருப்பது வழக்கம். திருநெல்வேலி இலை முழுசாகவும் தூய்மையாகவும் போய்ச் சேர்ந்தது. இன்று தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள எட்டயபுரமும் கோவில்பட்டியும் 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தவை. மாவட்டம் பிரிந்த பிறகும் சரக்கின் பெயர் மாறவில்லை.

மழை குறைந்த மானாவாரிக் காட்டுக்கு ஏற்ற பயிர் இது. செம்மண்ணிலும் கரிசலிலும் வரும். தண்ணீர் தேங்கினால் பட்டுப்போகும். விதைத்து ஏறத்தாழ மூன்று மாதத்தில் முதல் பறிப்பு. இலையை நிழலில் பரப்பி, மஞ்சள் கலந்த பச்சையாகும்வரை காயவைப்பார்கள். கருத்த இலைக்கு விலை இல்லை. கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி கே.கே.எம். 1 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது.

செயல்படும் விதம்

இலையிலுள்ள சென்னோசைடுகள் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை ரெயின் ஆந்த்ரோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. அது குடலின் அசைவைத் தூண்டி, நீர் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. பலன் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆவதால் இரவில் எடுப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இடம்பெற்றுள்ளது. ஆகவே இது பயனற்ற மருந்தன்று. யார், எவ்வளவு, எத்தனை நாள் எடுக்கிறார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

அளவு

பெரியவருக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் சென்னோசைடு. மாத்திரையில் இந்த அளவு குறிக்கப்பட்டிருக்கும்; பொடியில் இருக்காது. நல்ல இலையில் 2.5 விழுக்காடு சென்னோசைடு உண்டு என்று கொண்டால், ஒரு கிராம் பொடியில் 25 மில்லிகிராம் சேரும். கரண்டியால் இரண்டு கிராம் அள்ளினாலே 50 மில்லிகிராம் ஆகிவிடும். மிகுந்தால் வயிற்றை முறுக்கும் வலியும் நீர்ப்பேதியும் வரும்.

தவிர்க்க வேண்டியவர்கள்

காரணம் தெரியாத வயிற்றுவலி, வாந்தி, வயிற்று உப்புசம் உள்ளவர் இதைத் தொடக்கூடாது. குடல் அடைப்பிலும் குடல்வால் அழற்சியிலும் பேதி மருந்து உயிருக்கே கேடாகலாம். குடல் புண் அழற்சி நோய்கள் உள்ளவரும் உடலில் நீர் வற்றியவரும் விலக்க வேண்டும். கத்திரி வெயிலில் காட்டுவேலை செய்து வியர்வையில் உப்பையும் நீரையும் இழந்தவருக்குப் பேதி மேலும் நீரை இறக்கும். தலைசுற்றி விழ நேரலாம். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் எடுக்கலாகாது. 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டாராகவே கொடுக்கக்கூடாது. அரைத்துணி கட்டும் குழந்தைக்குக் கொடுத்தால், மலம் பட்ட தோல் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கும்.

பேதியோடு பொட்டாசியமும் வெளியேறுகிறது. அது குறைந்தால் தசை தளரும். இதயத் துடிப்பு தடுமாறும். நீர் பிரியும் மாத்திரை, ஸ்டீராய்டு, இதயத்துக்கான டிஜாக்சின் ஆகியவற்றை எடுப்பவருக்கு இந்த ஆபத்து கூடுதல். இருமலுக்கு மெல்லும் அதிமதுரமும் பொட்டாசியத்தைக் குறைப்பதால் இரண்டையும் சேர்க்கக்கூடாது.

தொடர்ந்து எடுத்தல்

ஒரு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் மலச்சிக்கலின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். நன்றாகப் பேதியான குடல் மறுபடி நிறைய இரண்டு மூன்று நாளாகும். அந்த இடைவெளியை மலச்சிக்கல் என்றெண்ணி மீண்டும் மருந்தெடுப்பதிலிருந்தே பழக்கம் தொடங்குகிறது. சித்தர் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகாவிதி என்ற சித்த மருத்துவப் பாடல், நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கச் சொல்கிறது. நாள்தோறும் எடுப்பது மரபுமன்று. நெடுநாள் எடுத்தவர் குடலின் உட்சுவர் கருக்கும். நிறுத்தினால் மாதங்களில் மாறும். குடல் நரம்பு நிரந்தரமாகச் செயலிழக்கும் என்ற பழைய அச்சம் இன்று ஏற்கப்படுவதில்லை. அளவு மீறி நெடுங்காலம் எடுத்தவர் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியுள்ளது. சிறுநீர் சிவப்பாகவோ பழுப்பாகவோ போவது பெரும்பாலும் மருந்தின் நிறம்தான். மலத்தில் இரத்தம், காரணமற்ற மெலிவு, நடுவயதுக்குப் பின் திடீரென மாறிய மலப்போக்கு ஆகியவை இருந்தால் மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்றைய நிலை

மாத்திரை, சூரணம், உடல் மெலிவதற்கான தேநீர்ப் பொட்டலம் எனப் பல வடிவில் சென்னா விற்பனையாகிறது. தேநீரால் குறைவது உடலின் நீர், கொழுப்பு குறைவதில்லை.