பணிக்களத்தில் ஒரு காலைக் கூட்டம்

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் நெல் விளைவதற்குப் பெரியாற்று நீர் எத்துணை உதவுகிறது என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மலையிலே தடுத்து, குன்றைக் குடைந்து, வைகைப் பக்கம் திருப்பினார்கள். 1887-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த அருஞ்செயல், 1895 அக்டோபர் 10-ஆம் நாள் திறப்பு விழாக் கண்டது. பொறியாளர் பென்னிகுயிக்கின் பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு மகிழ்வோர் இன்றும் உளர். ஆனால் சுண்ணாம்பும் சுர்க்கியும் சுமந்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

அவர்கள் காட்டுக்கும் வெள்ளத்துக்கும் வெடிமருந்துக்கும் நடுவே உழைத்தார்கள். எனினும் அவர்களை மிகுதியாக வாட்டிய பகை காய்ச்சலே. நோயால் மாண்டோர் பலர் அணைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றனர். மலேரியாவைப் பரப்புவது கொசு என்னும் உண்மைக்கு ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் வழி கண்டது 1897-ஆம் ஆண்டில். அதாவது, அணை திறந்து ஏறத்தாழ ஈராண்டுகள் கழிந்த பின்னரே. அன்றைய மேற்பார்வையாளர் எவ்வளவு நல்லவராயினும், கொசுவைப் பற்றித் தொழிலாளியை எச்சரிக்க அவருக்கு வழியில்லை. அந்த அறிவு உலகிலேயே தோன்றவில்லை.

நம் காலத்தின் நிலை வேறு. சாரம் ஏன் சரிகிறது, வானம் தோண்டும்போது மண் ஏன் இடிகிறது, ஈரக் கையில் மின்சாரம் ஏன் பாய்கிறது என்பனவெல்லாம் தெரிந்தவையே. தெரிந்த அறிவு சாரத்தின் மீது நிற்பவரைச் சென்று சேராமையே இன்றைய குறை. 2014 ஜூன் 28-ஆம் நாள் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டனர். கட்டமைப்பின் குறையால் நேரும் அத்தகைய பேரிடரைக் காலைக் கூட்டம் ஒன்றே தடுத்துவிடும் என்று நான் கூறேன். ஆனால் ஊர்தோறும் ஒருவர் இருவராக நேரும் சாவுகளில் பலவற்றைத் தடுக்கலாம்.

கட்டடத் தொழிலாளர்க்கென 1996-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற சட்டம், 500 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் பாதுகாப்புக் குழு அமைய வேண்டும் என்றது. அதில் தொழிலாளர் தரப்பினரின் எண்ணிக்கை முதலாளி தரப்பினரின் எண்ணிக்கையினும் குறைதலாகாது என்றும் விதித்தது. ஆபத்தை முதலில் காண்பது உழைப்பவரின் கண் என்பதை அச்சட்டம் ஒப்புக்கொண்டது. ஆனால் மதுரைத் தெருக்களில் வீடு கட்டும் பத்துப் பன்னிருவருக்குக் குழு ஏது? அங்கே மேஸ்திரியே ஆசிரியர். வேலை தொடங்குமுன் பத்து நிமிடமே வகுப்பு.

அவ்வகுப்பை நடத்தும் முறை எளிது. ஒரு நாளைக்கு ஓர் ஆபத்தைப் பற்றி மட்டும் பேசுக. சாரத்தைப் பற்றிப் பேசுவதானால், சாரத்தின் அடியில் நின்று, கட்டிய கயிற்றை இழுத்துக் காட்டிப் பேசுக. “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லாரும் தலையசைப்பர், ஆதலின் “இந்தப் பலகையில் ஏறுமுன் என்ன பார்ப்பாய்?” என்று கேட்டு, விடையை அவர் வாயாலேயே வருவிக்க வேண்டும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர் இருப்பின், அவர் மொழி அறிந்த ஒருவரைத் துணை கொள்க.

கலவைச் சட்டியுடன் நாள் முழுதும் அப்பலகையில் நடப்பவள் சித்தாள். கூட்டத்தில் கடைசியில் நின்று வாய் திறவாதிருப்பவளும் அவளே. அவளை முதலில் கேளுங்கள். “பலகை ஆடுகிறது” என்று அவள் சொன்னால், அதனால் வேலை அரைமணி தாமதமாயினும் சினவாது, அதைச் சீர்செய்த பின்னரே வேலையைத் தொடங்குக. ஒருமுறை அதட்டினால் மறுநாள் எவரும் வாய் திறவார். அன்றோடு அக்கூட்டம் வெறுஞ்சடங்காகிவிடும்.

பெரியாற்றங்கரையில் மாண்டவர்களுக்கு அக்காலத்தின் அறியாமையைக் காரணமாகக் கூறலாம். இன்று மாள்பவர்களுக்கு நாம் என்ன காரணம் கூறுவோம்?