அப்பாச்சிக்குப் பின்னால் ஒரு ரேஸ் அணி

கல்முனை பிரதான வீதியில அப்பாச்சி ஒன்று முறுக்கிட்டுப் போனா நாம எல்லாரும் திரும்பிப் பார்ப்போம். அதுக்குப் பின்னால நாற்பது வருஷத்துக்கும் மேலான கதையொன்று இருக்கு.

தமிழ்நாட்டின் ஓசூரில் பைக் செய்யும் டிவிஎஸ் நிறுவனம், 1982இல் தனக்கென ரேஸ் அணியொன்றைத் தொடங்கியது. அப்போது அதன் அடையாளம் டிவிஎஸ் 50 மொபெட்தான்! கம்பனிகள் ஏன் ரேஸுக்குச் செலவழிக்கின்றன? விளம்பரம் ஒரு காரணம். எஞ்சின், பிரேக், சேஸி எல்லாவற்றின் பலவீனமும் ரேஸில்தான் சீக்கிரம் தெரியவரும் என்பது மற்றது.

2015இல் பிரான்ஸின் ஷெர்கோவுடன் சேர்ந்து டக்கார் ராலியில் இறங்கினார்கள். 2019இல் இவ்வணியின் ஐஸ்வர்யா பிஸ்ஸே, பெண்களுக்கான பாஹா உலகக் கிண்ணத்தை வென்றார். கேரளத்தின் ஹரித் நோவா 2023 டக்காரில் விழுந்து காயப்பட்டு விலகினார். அடுத்த வருஷமே, நம்மட ஆக்கள் வேலைக்குப் போற அதே சவூதியின் பாலைவனத்தில், ராலி 2 பிரிவில் முதலிடம் பிடித்தார்.

விழுந்தவர் எழும்பி வந்ததற்குக் காரணம் துணிச்சல் மட்டுமல்ல. ஹெல்மட், பாதுகாப்பு உடுப்பு, ஹெலியில் வரும் வைத்தியர் எல்லாம் அங்கே இருந்தன. ராவையில நம்மட வீதியில ஓடுற பொடியன்மாருக்கு இதில எது இருக்கு? வீட்டில உம்மா முழிச்சிருப்பது மட்டும்தான்.