வெப்ளி ரிவால்வர் விலைக்கு வந்தது

கலெக்டர் ஆபீஸில் நான் பார்த்த பல பிரிவுகளில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவும் ஒன்று. மனு வரும், போலீஸ் அறிக்கைக்கும் தாசில்தார் அறிக்கைக்கும் அனுப்புவோம், வந்ததும் குறிப்பு எழுதி மேலே வைப்போம். எத்தனையோ பேருடைய துப்பாக்கிக்குக் கோப்பு எழுதிய நான், ஒரு துப்பாக்கியைக் கையில் பிடித்துப் பார்த்தது ஓய்வு பெற்ற பிறகுதான்.

2006-இல் ஓய்வு. ஆனைமலைப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் வீடு கட்டிக் குடிபோனோம். அடுத்த தோப்பில் ஒரு ராத்திரி திருடர்கள் புகுந்து, தனியாக இருந்த வயதான தம்பதியைக் கட்டிப்போட்டுவிட்டு நகையை எடுத்துப் போனார்கள். அதன் பிறகு என் மனைவிக்குத் தூக்கம் இல்லை. நானும் மனுப் போட்டேன். பல மாதம் அலைந்து லைசென்ஸ் வந்தது. குறிப்பிட்ட கெடுவுக்குள் துப்பாக்கி வாங்கிப் பதிவு செய்தாக வேண்டும்.

கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது தகவல் வந்தது. காலமான ஒரு எஸ்டேட்காரரின் .32 வெப்ளி ரிவால்வர் விலைக்கு இருக்கிறது, ஒன்றேகால் லட்சம் கேட்கிறார்கள் என்று. அன்றைக்கு அந்தப் பணத்தில் இரண்டு புது பைக் வாங்கலாம்.

பழைய சாமானுக்கு ஏன் இத்தனை விலை? சரித்திரம்தான் காரணம்.

1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. துரைமார் இடுப்பில் தொங்கியதில் பெரும்பாலும் பர்மிங்ஹாமில் செய்த வெப்ளி. 1887-இல் பிரிட்டிஷ் ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. முதல் உலகப் போரின்போது, 1915-இல் வந்த ஆறாம் மாடல் .455 ரகம், எடை ஒரு கிலோவுக்கு மேல். போர் முடிந்ததும், இவ்வளவு கனமானதைப் புது ஆட்களுக்குப் பழக்குவது கடினம் என்று சிறிய .38 ரகம் கேட்டார்கள். வெப்ளி செய்து காட்டியது. அரசாங்கமோ ஏறக்குறைய அதே அமைப்பில் தன் என்ஃபீல்டு தொழிற்சாலையிலேயே செய்து 1932-இல் ராணுவத்துக்குக் கொடுத்தது. வெப்ளி வழக்குப் போட்டுத் தோற்றது. கடைசியில் ஈடாகக் கிடைத்தது 1,250 பவுன். இரண்டாம் உலகப் போரில் என்ஃபீல்டு போதாமல் போக, அதே வெப்ளியிடம் போய் வாங்கினார்கள்!

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டது ரிவால்வரால் என்று பலர் எழுதுகிறார்கள். அது பிரௌனிங் பிஸ்டல். பிஸ்டலில் குண்டுகள் கைப்பிடிக்குள் இருக்கும். ரிவால்வரில் சுழலும் உருளையில் இருக்கும். வெப்ளியின் விசேஷம், மேலே உள்ள தாழைக் கட்டைவிரலால் தள்ளினால் குழல் கீல் போட்ட கதவு மாதிரி முன்பக்கம் மடியும். காலி ரவைகள் ஆறும் ஒரே சமயத்தில் வெளியே வந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பிறகு 1959-இல் புதுச் சட்டம் வந்தது. 1962 அக்டோபர் 1 முதல் அமல். இதில் நிறத்துக்குச் சலுகை இல்லை. ஆனால் .38, .455 போன்றவை தடை செய்யப்பட்ட ரகம். சாமானியருக்குக் கைத்துப்பாக்கி என்றால் பெரும்பாலும் .32தான். 1980-களின் நடுவில் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியையும் நிறுத்திவிட்டார்கள். அதற்குமுன் வந்து சேர்ந்தவைதான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரும் வெப்ளி அமைப்பில் வந்ததுதான்; இருந்தாலும் ‘சீமைச் சரக்கு’ என்ற மோகம் விலையை ஏற்றிவிட்டது.

ஆயுதப்படையில் ஆர்மரராக இருந்து ஓய்வு பெற்ற நண்பரை அழைத்துக்கொண்டு கோவைக்குப் போனேன். உரியவர் இறந்துவிட்டால் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இது கடையில் இருந்தது.

பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. கறுப்பு மினுமினுப்பு, கைக்கு அடக்கம். நண்பர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் மடித்து, உள்ளே ரவை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். மூடி, குழலை ஒரு கையிலும் பிடியை ஒரு கையிலும் பற்றி ஆட்டினார். தாழ் கெட்டியாக இருந்தது. பாகங்களில் பொறித்த எண்கள் ஒன்றுக்கொன்று பொருந்தின. வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்துக் குழலுக்குள் பார்த்தார். அங்கங்கே துரு தின்ற புள்ளி. பரவாயில்லை என்றார்.

அப்புறம் எழுத்துகளை விரலால் தடவினார். “மழுங்கியிருக்கு பாருங்க. யாரோ தேய்ச்சு மறுபடி சாயம் ஏத்தியிருக்காங்க. இந்தப் பளபளப்பு புதுசுங்க.”

கடைசியாகச் சுத்தியல் போன்ற பாகத்தைக் கட்டைவிரலால் மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். ஒவ்வொரு தடவையும் உருளை சுழன்று ‘டக்’கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஐந்து அறையும் பூட்டியது. ஆறாவது கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிட்டது. திரும்பத் திரும்பச் செய்தார், அதே அறைதான்.

“அறையும் குழலும் நேர்கோட்டில் நிக்கலீன்னா ஈயம் சிதறும், பக்கத்தில் நிக்கிறவங்க மேலயும் அடிக்கும். இதுக்கு உதிரிப்பாகம் கிடைக்காதுங்க. யாராவது அரத்தால ராவித்தான் சரி பண்ணணும். அலமாரியில் வைச்சு அழகு பார்க்கலாம். ராத்திரியில் நம்ப முடியாது.”

விலை குறையுமா என்று கேட்கத் தோன்றியது. கடைக்காரர், அந்த அம்மாவையே கேளுங்கள் என்றார். வரும் வழியில் அவர் வீட்டில் இறங்கினோம். எழுபத்தைந்து வயதிருக்கும். காபி கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே கேட்டார்.

“எதுக்கு தம்பி உங்களுக்கு?”

தோப்பில் நடந்ததைச் சொன்னேன்.

“எங்க வீட்டுக்காரரும் அதுக்குத்தான் வாங்கினார். மொதல்ல தலகாணிக்கு அடியில வெச்சிருந்தார். பேரப்பசங்க வந்ததும் பீரோவுக்குப் போச்சு. சாவி ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம். கல்யாணத்துக்கு வெளியூர் போனா வீட்டை விட இதை எங்க வைக்கிறதுன்னுதான் கவலை. எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் குடுத்துட்டு, முடிஞ்சதும் போய் வாங்கிட்டு வரணும். முப்பது வருஷம் தம்பி. ஒருநாளும் சுட்டதில்லை. நிம்மதியாத் தூங்கினதும் இல்லை.”

விற்க வந்தவர் இப்படிச் சொல்வாரா? சொன்னார். விலையைப் பற்றி நான் பேசவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். “எத்தனை பேர் மனுவில் ‘உயிர்ப் பாதுகாப்புக்கு’ன்னு எழுதியிருப்பாங்க? அதில் எத்தனை பேருக்கு அது உதவிச்சு?” என்று கேட்டாள். அந்தப் பிரிவில் இருந்த காலத்தில் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி. உதவியது என்று எந்தக் கோப்பிலும் நான் படித்த நினைவில்லை. தொலைந்தது, திருடு போனது, குடும்பச் சண்டையில் வெளியே வந்தது என்ற கோப்புகள் நினைவில் இருக்கின்றன.

லைசென்ஸ் கெடு தானாக முடிந்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குச் சுற்றிலும் கம்பிவேலி போட்டோம். நான்கு மூலையிலும் விளக்கு. இரண்டு நாட்டு நாய்கள். தோப்புக்காரர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு காவல்காரரையும் வைத்தோம்.

2019 திருத்தத்தில் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. மூன்றாவதை ஒப்படைக்க வேண்டும் என்றதும், அப்பா காலத்துத் துப்பாக்கியை என்ன செய்வது என்று பலர் கேட்டு வந்தார்கள். பழைய ரிவால்வர் வாங்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. ஆறு அறையும் பூட்டுகிறதா என்று முதலில் பாருங்கள் என்பேன். பூட்டினாலும், விற்பவர் வீட்டில் உட்கார்ந்து ஒரு காபி குடித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்பேன்.