நோயின் பெயரறிதல்: கொய்னா முதல் கைப்பெட்டி வரை

கோலசிலாங்கூர், பத்தாங் பெர்ஜுந்தை, புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களின் வரலாறு ரப்பரின் வரலாறு மட்டுமன்று, காய்ச்சலின் வரலாறுமாகும். காடழித்த நாளில், லயத்தில் நடுங்கிப் படுத்தவர்க்குத் தோட்டத்து டிரஸர் கொடுத்த மருந்து கொய்னா. மலேரியாவுக்கு அது மருந்தே. ஆனால் வந்தது மலேரியாதானா என்பதை எவ்வாறு அறிவது?

1897இல் ரொனால்ட் ராஸ் செக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக்கழகம் தோன்றியது. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார். ஆயினும் 1920களில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் வேறொரு காய்ச்சல் தெரிய வந்தது. அது புதர்ச் சிற்றுண்ணியால் பரவும் டைபஸ். கொய்னாவுக்கு அது மசியாது. பெயர் தவறினால் மருந்தும் தவறும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இரண்டாம் சான்று நம் காலத்தது. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கிய மூளைக் காய்ச்சல் நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றெண்ணிப் புகையடித்தனர்; தடுப்பூசியும் இட்டனர். அந்நாளில் இளம் ஆசிரியனாயிருந்த யானும் கொசு ஒழிப்பையே மாணவர்க்குப் போதித்தேன். கொசு ஒழிப்பு நன்றே. ஆனால் அந்நோய்க்கு அது தீர்வன்று. மாண்டவரிற் பெரும்பாலோர் பன்றிகளோடு பழகிய வயதுவந்த ஆடவர். தடுப்பூசி பெற்றோரும் அவருள் இருந்தனர். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்து டாக்டர் சுவா கா பிங் புதிய நச்சுக்கிருமியைப் பிரித்தெடுத்தார். நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவே அதற்குப் பெயராயிற்று. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். 105 பேர் மாண்டனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன.

இன்று கிருமியின் மரபணுவைக் கொண்டே அதனை அறியலாம். 1983இல் கேரி மல்லிஸ் கண்ட முறையில், மரபணுத் துண்டைச் சூடாக்கியும் குளிர்வித்தும் படியெடுக்கின்றனர். ஒவ்வொரு சுற்றிலும் ஒன்று இரண்டாகும். முப்பது சுற்றில் ஒரு துண்டு நூறு கோடிக்கு மேலாகும். மாணவர் கணக்கிட்டுப் பார்க்கலாம்.

முன்பு பெரிய சோதனைச்சாலையிலேயே நடந்த இவ்வேலை, இப்போது மின்கலத்தால் இயங்கும் சிறு பெட்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிகிறது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் அத்தகையது. 2018இல் கேரளத்தில் நிப்பா 17 உயிர்களைக் கவர்ந்தபோது மாதிரிகள் மணிப்பாலுக்கும் புனேக்கும் சென்றன. 2021இல் அந்நோய் மீண்டபோது கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியிலேயே இக்கருவி வைக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இப்பெட்டி கேட்ட கேள்விக்கே விடை தரும். ஜப்பானியக் காய்ச்சலா என்று கேட்டால் ‘அன்று’ என்னும். ‘நிப்பா’ என்று தானே சொல்லாது. மரபெழுத்தையே வாசிக்கும் உள்ளங்கையளவுக் கருவி 2015இல் கினியில் எபோலாவைத் தொடர்ந்தறிய உதவியது. அதற்கும் முன்னே ஒருவர் ஐயுற வேண்டும். பண்ணையாளின் இருமலையும், அவன் பன்றியின் இருமலையும் ஒருங்கே கேட்கும் செவி வேண்டும். கருவி ஊருக்கு வந்துவிட்டது. தொழிலாளியின் சொல்லும் கருவியிடம் சென்று சேர வேண்டும்.