தோலும் வண்ணமும்: ஊட்டலும் பூசலும் பற்றிய ஒரு வரலாற்று ஆராய்ச்சி

தோல், வண்ணம் என்னும் இரு சொற்களும் தமிழ் கற்றார்க்கு முதற்கண் செய்யுளியலையே நினைவூட்டும். தொல்காப்பியனார் வண்ணத்தை இருபதாக வகுத்தார். வனப்பு எட்டனுள் ஒன்றற்குத் தோல் எனப் பெயரிட்டார். ஆயின் ஈண்டு ஆராயப்புகுவது செய்யுளுறுப்பாகிய தோலும் வண்ணமும் அல்ல. விலங்கின் உரியாகிய தோலும், அதன்மேல் தீட்டப்பெறும் நிறமாகிய வண்ணமுமே. ஓவியக்கலை வரலாறு எழுதினோர் சுவரையும் துணியையும் பலகையையும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தோலை அவ்வளவு ஆராய்ந்திலர். இக்குறையை ஓரளவேனும் நீக்குதலும், இந்நாளில் தோற்கலைஞர் கையாளும் நீர்த்த அக்ரிலிக் வண்ணம் மரபுக்கு உடன்பட்டதா மாறுபட்டதா என்னும் வினாவிற்கு விடை காண்டலும் இக்கட்டுரையின் நோக்கமாம்.

பழந்தமிழ்ச் சான்று

உரி, அதள், தோல், பச்சை என்பன உரித்த தோலைக் குறிக்கும் பழஞ்சொற்கள். அவற்றுள் பச்சை என்னும் சொல் பத்துப்பாட்டுள் யாழின் பத்தரைப் போர்த்த தோலுக்கு வழங்குகின்றது. பொருநராற்றுப்படை அத்தோலின் நிறத்தை விளக்கின் அழலோடு ஒப்பிடுகின்றது. அத்தோலின் இரு விளிம்புகளையும் இணைத்துத் தைத்த பொருத்தினையும் நுணுகி நோக்கிக் கூறுகின்றது. பெரும்பாணாற்றுப்படையோ அத்தோலைப் பாதிரி மலரின் உள்ளிடத்தோடு ஒப்பிட்டு, அதனை 'ஊட்டுறு' பச்சை என்று அடைகொடுத்து மொழிகின்றது. ஊட்டுறுதலாவது நிறம் ஊட்டப்பெறுதல். எனவே தோலுக்கு நிறமேற்றும் தொழில் சங்க காலத்திலேயே பாணர் கைக்கருவியில் விளங்கித் தோன்றியது என்பது ஐயமின்றிப் போதரும்.

ஈண்டு 'ஊட்டு' என்னும் வினை உற்றுநோக்கற்பாலது. சுவருக்குச் சுதை பூசுவர். மேனிக்குச் சாந்து பூசுவர். பூசியது மேலே நிற்கும்; வேண்டியபொழுது கழுவலாம், சுரண்டலாம். ஊட்டியதோ உள்ளே செல்லும். குழவிக்குச் சோறு ஊட்டுதலும், மகளிர் அடிக்குச் செம்பஞ்சு ஊட்டுதலும், தோலுக்கு நிறம் ஊட்டுதலும் ஒரே வினையாற் கூறப்படுதல் தற்செயல் அன்று. நிறம் தோலின் நாருக்குள் புகுந்து தோலோடு ஒன்றாதலைப் பழந்தமிழர் அறிந்திருந்தனர் என்பதற்கு அச்சொல்லே சான்றாம்.

துவர் என்னும் சொல்லும் இதற்குத் துணைநிற்கும். துவர் ஒரு சுவையின் பெயர், செந்நிறத்தின் பெயருமாம். கடுக்காயும் ஆவாரம்பட்டையும் துவர்ப்புடையன. அத்துவர்ப்பே தோலை அழுகாமற் காக்கும் சத்து. தோலுக்குப் பழுப்பும் செம்மையும் கலந்த நிறத்தைத் தருவதும் அதுவே. பதனிடுதலும் நிறமேற்றுதலும் ஒரே தொட்டியில், ஒரே பொருளால் நிகழ்ந்தமையின், சுவையும் நிறமும் ஒரு சொல்லில் அடங்கியதற்குத் தோல்வினையும் ஒரு காரணமாதல் கூடும்.

சிலப்பதிகாரத்து இந்திரவிழவூரெடுத்த காதை துணி தைப்போரையும் தோல் தைப்போரையும் வேறுவேறாக எண்ணுகின்றது. பெரும்பாணாற்றுப்படை அடியைப் புதைக்கும் அரணமாகிய செருப்பைக் கூறுகின்றது. இவற்றால் தோல்வினை தனித்தொழிலாக வளர்ந்திருந்தமை புலனாகும். எனினும், தோலில் உருவம் எழுதி ஆட்டிய பாவைக்கு இவற்றைச் சான்றாகக் காட்டுதல் பொருந்தாது. திருக்குறளில் நாணுடைமை, இரவு என்னும் இரண்டு அதிகாரங்களில் (1020, 1058) வருவது மரப்பாவையே. முன்னதில் நாணாகிய கயிறு வெளிப்படையாகக் கூறப்படுதலின், அது கயிற்றால் இயக்கப்பெறும் பொம்மலாட்டத்தைச் சுட்டுவதாகும். அதனைத் தோற்பாவைக் கூத்தின் பழமைக்குச் சான்றாக எடுத்தாளுதல் இரு வேறு கலைகளை ஒன்றாக மயக்குதலாம்.

அயோத்தியாப்பட்டணமும் தோல்வழியும்

சேலத்திற்குக் கிழக்கே அமைந்த அயோத்தியாப்பட்டணம் கோதண்டராமர் திருக்கோயிலால் பெயர்பெற்ற பேரூர். இலங்கையினின்று மீண்ட இராமபிரான் முடிசூடுதற்குரிய நற்பொழுது வழியிலேயே நெருங்கியமையால் ஈண்டே முடிசூடினான் என்பது தலமரபு. அம்மரபினின்றே ஊர்ப்பெயரும் எழுந்தது என்பர். இக்கோயிலின் தூண்மண்டபம் நாயக்கர் காலத்துச் சிற்பச் சிறப்பினை உடையது.

இவ்வூர் நம் ஆராய்ச்சிக்கு இருவகையால் உரியது. ஒன்று, இராமகாதையின் முடிசூட்டு விழா. தோற்பாவைக் கூத்தில் இராமகாதை பல இரவுகள் தொடர்ந்து நிகழும். இறுதி இரவு பட்டாபிடேகம். கல்லிலும் தலமரபிலும் இவ்வூர் போற்றும் அக்காட்சியையே கூத்தர் தோலிலும் ஒளியிலும் போற்றினர். மற்றொன்று, வழி. சேலத்தினின்று அயோத்தியாப்பட்டணத்தைக் கடந்து அரூர், ஊத்தங்கரை, திருப்பத்தூர் வழியாகச் செல்லும் சாலை வாணியம்பாடியை அடைகின்றது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய பாலாற்றங்கரை ஊர்கள் தோல் பதனிடுதலில் உலகறிந்தவை. ஆதலின் இச்சாலையின் ஒரு முனையில் தோலும், மறுமுனையில் அத்தோல் பாடும் கதையும் உள்ளன எனலாம்.

இருவகைத் தோல்

தோலில் வண்ணக்கலை இருவகைப்படும். ஒன்று பதனிட்ட தோலில் செய்வது. மற்றொன்று பதனிடாத தோலில் செய்வது. இவ்வேறுபாட்டை உணராவிடின் வண்ணத்தின் இயல்பும் விளங்காது.

ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் நீரில் நனைந்தபொழுது களிமண் போல் இணங்கும். அப்பொழுது எழுத்தாணி போன்ற மழுங்கிய கருவியாற் கோடிழுத்தும், அச்சுக்களால் அழுத்தியும் உருவங்களைப் புடைப்பாகவும் பள்ளமாகவும் அமைப்பர். உலர்ந்தபின் அழுத்திய வடிவம் மாறாது நிற்கும். குரோம் உப்பினாற் பதனிட்ட தோல் அவ்வாறன்று; அழுத்தினால் மீண்டெழும் இயல்புடையது. சென்னை மாகாணத்தில் குரோம் முறையைப் பரப்ப முயன்றவர் ஆல்பிரடு சாட்டர்ட்டன். அவரே இம்மாகாணத்துத் தோல் பதனிடுதலையும் தோல்வினையையும் பற்றி 1904-இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார். 1948-இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. ஆவாரம்பட்டைக்கு மாறாக வாட்டில் பட்டை மிகுதியாகப் புகுந்தபின்னரும், தாவரப் பதனிடுதல் முற்றும் அழிந்திலது. அம்மரபில் வந்த ஈ.ஐ. தோல் இன்று புவிசார் குறியீடு பெற்ற தமிழகப் பொருள்களுள் ஒன்று.

இத்தகைய தோலில் புடைப்புருவம் அமைத்து வண்ணமிடும் கலை இந்தியாவில் பிற இடங்களிலும் சிறந்து வளர்ந்தது. பிகானேரின் உஸ்தா கலைஞர் ஒட்டகத்தோலிற் பொற்பூவேலை செய்தனர். வங்கத்துச் சாந்திநிகேதனத்தில் இரதீந்திரநாத தாகூரும் பிரதிமா தேவியும் தோல்வினையைக் கைத்தொழிற் கல்வியின் பகுதியாக்கினர். மேனாட்டில் ஸ்பெயின் தேசத்துக் கோர்டோபா நகரம் பொன்னும் வண்ணமும் ஏற்றிய தோலுக்குப் பெயர்பெற்றிருந்தது.

தமிழகத்துத் தோற்பாவையோ பதனிடாத தோலில் அமைவது. ஆட்டுத்தோலை நீரில் ஊறவைத்து, மயிரும் கொழுப்பும் நீங்கச் சுரண்டி, இழுத்துக் கட்டி வெயிலில் உலர்த்துவர். பதனிடாது இழுப்பில் உலர்ந்த தோலின் நார்கள் நெருங்கிப் படிந்து, ஒளி புகுந்து செல்லும் மென்தகடாகும். அதன்மேல் உருவம் வரைந்து, சிற்றுளிகளால் அணிகலன், ஆடைக்கரை, கண் முதலிய இடங்களில் துளையிட்டு, இருபுறமும் நிறமூட்டுவர். துளைவழி வரும் ஒளி வெள்ளொளி. தோல்வழி வரும் ஒளி நிறவொளி. இவ்விரண்டும் கூடியதே தோற்பாவையின் அழகு.

பாவையும் ஒளியும்

தமிழகத்தில் இக்கூத்தினை நிகழ்த்துவோர் பெரும்பாலும் மண்டிகர் மரபினர். இல்லத்தில் மராத்தி பேசி, அரங்கில் தமிழ் பேசுவோர். தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நிலவிய மராத்தியர் ஆட்சியோடு அவர்தம் வரவினை இயைத்துக் கூறுவர். மு. இராமசுவாமி, அ. கா. பெருமாள் ஆகியோர் இக்கலையைக் களத்தில் ஆராய்ந்து நூல் செய்தமையால் தமிழுலகம் பயன்பெற்றது. உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் நகைப்பாத்திரங்கள் வழியாக மக்கள் வழக்கும் இக்கூத்தில் இடம்பெற்றது.

கேரளத்துப் பாலக்காட்டுப் பகுதியில் பகவதி கோயில்களை ஒட்டிய கூத்துமாடங்களில் நிகழும் தோற்பாவைக்கூத்தோ வேறியல்பினது. ஆண்டுப் பாடப்பெறுவது கம்பராமாயணமே. மலையாள நாட்டில் தமிழ்க் காப்பியத்தை இரவிரவாக வாழவைத்த பெருமை அக்கூத்திற்கு உண்டு. அங்கே பாவைகள் மான்தோலால் ஆயவை, ஒளி ஊடுருவாதவை. இருபத்தொரு விளக்குகளின் முன் அவை கருநிழலாகத் தோன்றும். துளைகள் மட்டுமே ஒளிரும். ஆங்கு நிறத்திற்கு வேலை இல்லை. கோட்டுருவிற்கும் துளைக்குமே வேலை. ஆந்திரத்துத் தோலுபொம்மலாட்டமும் தமிழகத் தோற்பாவையும் நிறவொளியைச் சார்ந்தன.

இவ்வொப்பீட்டினின்று ஒரு முடிபு பிறக்கின்றது. தமிழகப் பாவையில் நிறம் ஒளியைத் தடுத்தலாகாது. தடுக்குமாயின், வண்ணம் எத்துணை ஒள்ளியதாயினும், திரையில் அது கருமையே ஆகும். பகலிற் கையிற் பிடித்துக் காண்போர்க்கு அழகாயிருக்கும் பாவை, இரவில் திரைக்குமுன் அமர்ந்தார்க்கு வெறும் நிழலாகலாம். ஆதலின் இக்கலையில் நிறத்தைத் தேர்ந்தது ஓவியன் கண் மட்டும் அன்று, விளக்கும் கூடத்தான். எண்ணெய் விளக்கின் ஒளி செம்மையும் மஞ்சளும் மிக்கது, நீலம் குறைந்தது. அவ்வொளியில் சிவப்பும் மஞ்சளும் பொலியும், நீலம் மங்கும். எண்ணெய் விளக்கு நீங்கி, பெட்ரோமாக்ஸ் விளக்கும் பின்னர் மின்விளக்கும் வந்தபொழுது, பாவையைத் தொடாமலே அதன் நிறம் மாறிற்று.

சாயத்தின் மாற்றம்

வண்ணப்பொருளின் வரலாறு இனி நோக்கற்பாலது. தாவரத்தினின்றும் மண்ணினின்றும் விளக்குக் கரியினின்றும் எடுத்தவை பழைய நிறங்கள். 1856-இல் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயத்தைக் கண்டார். 1868-இல் மஞ்சிட்டிச் சிவப்பின் சாரம் ஆய்வுக்கூடத்தில் ஆக்கப்பெற்றது. 1897-இல் செயற்கை நீலம் வாணிகத்திற்கு வந்தது. அவுரியும் சாயவேரும் இதனால் வீழ்ந்த வரலாறு யாவரும் அறிந்தது. பாவைக் கலைஞரும் கடைச்சாயத்தையும் வண்ண மையையும் மேற்கொண்டனர். தோலிலும் மாற்றம் நேர்ந்தது: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின்னர் மான்தோலை நாடுதல் இயலாதாயிற்று.

எனவே, இன்று நாம் மரபு என்று போற்றும் பாவைகளுட் பல செயற்கைச் சாயம் ஏற்றவையே. ஆயினும் அச்சாயமும் ஊட்டலே, பூசல் அன்று. நீரில் கரைந்து தோலுக்குட் புகும் இயல்பால் அது பழைய நிறத்தின் வழித்தோன்றலாயிற்று.

அக்ரிலிக் வண்ணம் இதனின் வேறானது. 1940-களின் இறுதியிற் கரைப்பானிற் கரையும் வகையும், 1950-களின் நடுவில் நீரிற் கலக்கும் வகையும் ஓவியர்க்கு விற்பனைக்கு வந்தன. நீரில் மிதக்கும் நுண்ணிய பிசின் துளிகளும் நிறத்தூளும் கூடிய பால்மம் அது. நீர் உலர்ந்தவுடன் துளிகள் ஒன்றோடொன்று இணைந்து மெல்லிய படலமாகும். அதன்பின் நீரிற் கரையாது. தடித்துப் பூசின் ஒளியை மறைக்கும். பாவை மடங்கும் மூட்டுக்களில் விரிசலும் ஏற்படும். நீர்த்து மெல்லிய படிவங்களாக இடின் தோலோடு வளையும். ஒளியையும் ஓரளவு விடும். புடைப்பு வேலையிற் பள்ளங்களில் ஓடித் தங்கி, மேடுகளில் தோலின் இயல்நிறத்தைத் தோன்றவிடும். ஆனால் அளவிறந்த நீர் சேரின் பிசின் வலுவிழக்கும். நிறம் தேய்த்தாற் பெயரும். எண்ணெயும் மெழுகும் ஏறிய தோலிலும் அது பற்றாது. ஆகவே நீர்த்த அக்ரிலிக் ஊட்டலுக்கும் பூசலுக்கும் இடைநிலையது: இயல்பாற் பூச்சு, பயன்பாட்டால் ஊட்டலை அணுகுவது.

முடிபு

புதுவண்ணம் வந்தமையால் மரபு அழிந்தது என்பார் ஒருசாரார்; பொருள் எதுவாயினும் உருவம் பழையதாயின் மரபே என்பார் மற்றொருசாரார். இரண்டும் முற்றும் பொருந்தா. தாவரச் சாயமே மரபு எனின், சென்ற நூற்றாண்டின் பாவைகளுட் பெரும்பாலனவற்றை விலக்கவேண்டும். உருவமே மரபு எனின், சுவரில் மாட்டுதற்கென்று தடித்த வண்ணம் பூசி விற்கப்பெறும் ஒளிபுகாப் பாவையையும் கூத்துப்பாவை என்று கொள்ளவேண்டும். ஆட்டுதற்குரிய பாவையில் ஒளி புகுதலே அளவுகோல். புடைப்பு வேலையில் தோலின் மேடுபள்ளம் மறையாமையே அளவுகோல். இவ்விரு அளவுகோலும் ஊட்டுதல் என்னும் சங்கச் சொல்லிலேயே அடங்கியுள்ளன.

இம்முடிபினின்று நாம் செய்யவேண்டிய பணிகள் இரண்டு பெறப்படும். அருங்காட்சியகங்களில் உள்ள பாவைகளுக்குக் கதைமாந்தர் பெயரை மட்டும் எழுதாது, தோல், நிறப்பொருள், ஒளிபுகும் இயல்பு ஆகியவற்றையும் பதிதல் வேண்டும். விளக்கின்முன் வைத்து எடுத்த படமும் உடன் இருத்தல் வேண்டும். பகலொளியில் மட்டும் எடுத்த படம் கூத்துப்பாவையின் பாதி வரலாற்றையே காட்டும். அடுத்து, தோலைச் சுரண்டல், இழுத்துக்கட்டல், உளியிடல், நிறமூட்டல் ஆகிய ஒவ்வொரு வினைக்கும் கலைஞர் வழங்கும் சொற்களைத் தமிழ்த்துறைகள் தொகுத்தல் வேண்டும். மராத்தியும் தமிழும் கலந்த அச்சொற்கள் எழுத்தில் ஏறாதன. கூத்தர் குடும்பங்களில் இளையோர் வேறு தொழில் நாடுந்தோறும் குறைவன. யாழ் மறைந்த பின்னரும் அதன் தோலுக்கு நிறமூட்டிய செய்தி நமக்கு எஞ்சியது, புலவர் ஒருவர் அச்சொல்லைப் பாட்டில் வைத்தமையால் ஆகும். பாவைக்கும் அவ்வுதவியைச் செய்தல் நம் துறையின் கடனாம்.