செம்பை விலக்கிய தந்தி

மின்சாரத்தைக் கடத்துவதில் இரும்பு, செம்பின் ஆறில் ஒரு பங்குதான் தேறும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்த வில்லியம் ஓஷாநெஸி இதை அறியாதவர் அல்லர். ஆயினும் 1851இல் செயற்பாட்டுக்கு வந்த கல்கத்தா–டயமண்ட் ஹார்பர் தந்தித்தடத்துக்கு அவர் தேர்ந்தது பருத்த இரும்புத் தண்டையே. கடத்துதிறனின் குறையைப் பருமன் ஈடுகட்டியது. குரங்குகளும் பறவைக் கூட்டமும் தொற்றினாலும் தண்டு அறாது. (வீணை நரம்பைக் குறித்த ‘தந்தி’ என்னும் சொல், பின்னர்ச் செய்தியையே குறிக்கலானது தனிக்கதை.) இந்தியத் தந்தி வரலாற்றை ஐரோப்பியத் தொழில்நுட்பத்தின் இறக்குமதியாக மட்டும் எழுதுவது எனக்கு ஏற்புடையதன்று, அத்தடத்தின் பொருள்களை இந்நிலத்தின் நிலைமைகளே தீர்மானித்தன. மண்ணுக்கடியில் சென்ற தண்டைக் கீலில் தோய்த்த சென்னைத் துணியால் சுற்றி, கூரை ஓடுகளில் கிடத்தி, மணலும் பிசினும் உருக்கி வார்த்துப் புதைத்தார்கள்.