நாள் தள்ளுவதற்கு முன்னால்

கடையநல்லூர் அரசு ஆஸ்பத்திரியில் ஒரு காலை நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுகாமல் இருக்கிற மகளை அம்மா கூட்டி வந்திருக்கிறார். மாப்பிள்ளை துபாயில். முதல் செக்கப். எடை, பிரஷர், ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் கைக்கு வருகிறது ஒரு சின்ன மாத்திரை. "எதுக்கும்மா இது?" என்று கேட்டால், "ரத்தம் ஊறும், சாப்பிடு" என்பார்கள்.

பதில் சரிதான். ஆனால் பாதிதான் சரி. அந்த மாத்திரையின் பெயர் ஃபோலிக் ஆசிட். அது பிறந்த கதையில் இரண்டு டாக்டர்கள் வருகிறார்கள். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத அந்த இருவருமே மெட்ராஸைத் தொட்டவர்கள்.

1928. லூசி வில்ஸ் என்கிற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி மில்களில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்பமானால் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, பலர் செத்தும் போனார்கள். இது சாதாரண ரத்தசோகை இல்லை. சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் மட்டும் பெரிதாக ஊதியிருந்தன. கிருமியா என்று தேடினார். இல்லை. அந்தப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்தார். அங்கேதான் விஷயம் இருந்தது. 1929-ல் சில மாதங்கள் நம் குன்னூர் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டில் ஆராய்ச்சி. 1931 தொடக்கத்தில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி. ஆமாம், இன்றைக்குக் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று போர்டு மாட்டியிருக்கும் அதே இடம்தான்.

எலி, குரங்கு என்று பலதையும் சோதித்தவருக்குக் கடைசியில் கைகொடுத்தது மார்மைட். இங்கிலாந்துக்காரர்கள் ரொட்டியில் தடவிச் சாப்பிடும் கறுப்புப் பசை. பீர் தயாரித்தது போக மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்வது. (வாயில் வைக்க முடியாது என்பார்கள் சிலர்.) அதைக் கொடுத்ததும் சாகக் கிடந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். அதற்குள் இருப்பது என்ன என்று வில்ஸுக்குத் தெரியவில்லை. பெயர் தெரியாத அந்தச் சத்தை உலகம் 'வில்ஸ் ஃபாக்டர்' என்றே அழைத்தது. 1941-ல் அமெரிக்காவில் நாலு டன் பசலைக் கீரையை அரைத்துப் பிழிந்து அந்த வகைச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். லத்தீனில் இலைக்கு 'ஃபோலியம்'. அதனால் ஃபோலிக் ஆசிட்.

கீரையை டன் கணக்கில் அரைத்து ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்க முடியுமா? லேபிலேயே செய்தாக வேண்டும். இங்கேதான் இரண்டாவது ஆள் வருகிறார். எல்லாப்ரகடா சுப்பாராவ். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி மாணவர். காந்தி சொன்னார் என்று ஆபரேஷன் தியேட்டருக்கே கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காமல், அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ்.ஸோடு வெளியே வந்தார். ஸ்ப்ரூ என்கிற குடல் நோய்க்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர் அவர். பிறகு அமெரிக்கா போனார். 1945-ல், லெடர்லி கம்பெனியில் அவர் தலைமையில் இருந்த குழு ஃபோலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தது. அது ஸ்ப்ரூவுக்கும் மருந்தானது. சகோதரர்களுக்குத்தான் காலம் கடந்துவிட்டது.

இனி மீதிப் பாதி. பி.காம். படித்தவன் கருவைப் பற்றி எழுதலாமா என்று கேட்காதீர்கள், இது வெறும் நாள் கணக்குதான்.

கரு தரித்த மூன்றாவது வாரத்தில் குழந்தையின் முதுகுப் பக்கத்தில் ஒரு தகடு உருவாகிறது. அது இருபுறமும் மடங்கி, ஓரங்கள் ஒட்டி, குழாயாகிறது. மேல்பகுதி மூளை, கீழே தண்டுவடம். 28-ம் நாளுக்குள் குழாய் மூடிவிட வேண்டும். அப்போது குழந்தை ஓர் எள்ளைவிடக் கொஞ்சம்தான் பெரிசு! கீழே மூடாவிட்டால் முதுகுத் தண்டில் பிளவு. பிழைத்தாலும் பல குழந்தைகளால் நடக்க முடியாது. மேலே மூடாவிட்டால் குழந்தையே தங்காது.

இதற்கும் ஃபோலிக் ஆசிட்டுக்கும் தொடர்பு உண்டா? 1965-ல் இங்கிலாந்தில் இரண்டு டாக்டர்கள் கேள்வியை எழுப்பினார்கள். வில்ஸ் அதற்கு முந்தைய வருடமே இறந்துவிட்டார். பதில் கிடைத்தது 1991-ல். ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தையைச் சுமந்த தாய்மார்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு அது. மாத்திரை சாப்பிட்டவர்களில் மறுபடி பாதிப்பு 6 பேருக்கு, சாப்பிடாதவர்களில் 21 பேருக்கு. இதற்குமேல் யாருக்கும் மாத்திரையை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள்.

இப்போது கணக்கைப் போடுங்கள். 28-ம் நாள் என்றால், நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம். நம் கடையநல்லூர்ப் பெண் அப்போது சந்தேகத்தில்தான் இருப்பாள். அம்மாவிடம் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வந்து, அட்டை போட்டு, மாத்திரை வாங்குவதற்குள் குழாய் மூடும் வேலை முடிந்திருக்கும். ரத்தத்துக்கு அந்த மாத்திரை அவசியம் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்டுவடத்துக்கோ லேட்.

அதனால்தான் குழந்தைக்குத் தயாராகும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பித்து, 12 வாரம்வரை சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். முதல் குழந்தைக்கு இந்தப் பாதிப்பு இருந்திருந்தால் அளவு அதிகம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கல்யாணத்துக்கு நகை, சீர், பந்தல் என்று ஆறு மாதம் முன்பே பட்டியல் போடுகிறோம். அதில் இந்த மாத்திரை இருந்து நான் பார்த்ததில்லை. கடையநல்லூர் மாதிரி ஊர்களில் இன்னொரு வசதியும் இருக்கிறது. "லீவு கிடைச்சுட்டு, டிக்கெட் போட்டுட்டேன்" என்று துபாயிலிருந்து போன் வருமே, அன்றைக்கே மெடிக்கல் ஷாப்புக்குப் போகலாம்.